நகராட்சி உரம், 25 கிலோ மூட்டை: ஒரு வருடம் போட்டுப் பார்த்ததில்

எங்கள் ஊர் நகராட்சி குப்பையிலிருந்து தயாரித்து விற்கும் உரத்தைப் போன சித்திரையிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்பது மூட்டை. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. காவிரி டெல்டாவில் நடுத்தரமான ஓர் ஊர், பெரிய கோயில் ஒன்று, கல்யாண மண்டபம் பதினெட்டு. அவ்வளவு தெரிந்தால் போதும். பெயரைச் சொன்னால் முதல் மெமோ அங்கே வேலை செய்கிற மேஸ்திரிக்குத்தான் போகும். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என்னைப் பற்றியும் இரண்டு வரி. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 29 வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மொட்டைமாடியில் 46 பைகளில் கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி. எதை வாங்கினாலும் எடை போட்டுப் பார்ப்பது, சலித்துப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது என்று கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டில் சாம்பார்ப் பொடியைக்கூட அப்படிச் செய்ததால் ஒருமுறை பெரிய சண்டையே நடந்தது.

நகராட்சி அலுவலக வாசலில் ஒரு பலகை இருக்கிறது. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வோம் என்று பெரிய எழுத்து, பக்கத்தில் பனிக்கட்டி மேல் ஒரு கரடி. எங்கள் ஊர் வெயிலில் அந்தக் கரடி மூன்று வருடமாக வெளுத்துக்கொண்டே வருகிறது. அதன் கீழே நகராட்சி செய்த வேலைகளின் பட்டியல்: எல்.இ.டி. தெருவிளக்கு, அலுவலக மாடியில் சோலார் தகடு, மரக்கன்று, உரக்கிடங்கு. விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய மஞ்சள் சோடியம் விளக்கில் பாதி மின்சாரம்கூட எடுக்காது, வெளிச்சமும் நன்றாக இருக்கிறது. சோலார் தகட்டை நான் ஏறிப் பார்க்கவில்லை. மரக்கன்றுகளில் எங்கள் தெருவுக்கு வந்தது ஆறு. கூண்டு ஆறும் இருக்கிறது, கன்று இரண்டு இருக்கிறது. நாலாவதாக எழுதியிருந்த உரம்தான் காசு கொடுத்து வாங்கி, கையில் அள்ளிப் பார்க்க முடிகிற பொருள். ஆகவே பட்டியல் முழுவதையும் விட்டுவிட்டு மூட்டையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உரத்துக்கும் காலநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று என் மைத்துனர் கேட்டார். நியாயமான கேள்விதான். சோறு, காய்த்தோல், வாழையிலை எல்லாம் குப்பைக் கிடங்கில் மலை போல ஒன்றன் மேல் ஒன்று அமுங்கிக் கிடக்கும்போது உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் அது அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இருபது வருடக் கணக்கில் பார்த்தால் 80 மடங்குக்கும் மேல். பற்றிக்கொள்வதும் இதே வாயுதான். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் புகைந்ததையும், மறுவருடம் மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் ஊரே புகையில் கிடந்ததையும் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அதே சோற்றையும் தோலையும் காற்றுப் படும்படி கிளறிக் கிளறி மக்கவைத்தால் மீத்தேன் பெரும்பாலும் வராது, கரியமில வாயுவும் ஆவியும்தான் வரும், மிச்சம் உரமாகிவிடும். கிடங்குக்குப் போகும் லாரிக்கும் டீசல் மிச்சம். ஒரு நகராட்சி வெளியூர் நிபுணர் யாரையும் கூப்பிடாமல், சாணியையும் மண்வெட்டியையும் வைத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை இது. ஆனால் காற்றுப் படும்படி கிளற வேண்டும். இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, மூட்டைக்கு வருவோம்.

25 கிலோ, 75 ரூபாய். அதாவது கிலோ மூன்று ரூபாய். கடையில் மண்புழு உரம் ஐந்து கிலோப் பையே 90 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். ரசீது தருகிறார்கள். பணம் கட்டுவது நகராட்சி அலுவலகத்தில், மூட்டை எடுப்பது இரண்டரை கிலோமீட்டர் தள்ளி உரக்கிடங்கில். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க என்ன தடையோ தெரியவில்லை. பழைய அரிசிச் சாக்கில் கட்டித் தருவார்கள். மேலே தேதியோ தொட்டி எண்ணோ எதுவும் இருக்காது.

முதல் மூட்டையை வைகாசிக் கடைசியில் திறந்தேன். நல்ல கரும்பழுப்பு, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிறது, விரலால் தட்டினால் உதிர்கிறது. முதல் மழை விழுந்த மண் வாசனை. இதைவிட நல்ல உரத்தை நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. முகூர்த்த மாதங்களில் மண்டபங்களிலிருந்து வண்டி வண்டியாக வாழையிலை வரும், அதுதான் காரணம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதில் ஐந்து கிலோவை எடுத்து 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தேன். ஏன் 4 என்றால், 1985ஆம் வருட உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் குப்பை உரத்துக்கு அளவு சொல்லியிருக்கிறார்கள். குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். ஈரம் 15 முதல் 25 சதவீதம். கெட்ட வாடை கூடாது. எனக்கு மேலே நின்றது 640 கிராம். அதாவது 87 சதவீதம் இறங்கியிருக்கிறது. தேர்ச்சிக்கு மூன்று மார்க் குறைவு, ஆனால் மோசமில்லை.

மேலே நின்றதை ஒரு பழைய தாம்பாளத்தில் கொட்டிப் பிரித்தேன். சிரட்டைத் துண்டு, முட்டை ஓடு, மாங்கொட்டை நார், கோழி எலும்பு: இவை இருந்தால் தப்பில்லை, அடுத்த முறை மக்கட்டும். பிளாஸ்டிக் துணுக்கு 19. ஷாம்பு சாஷேயின் கிழித்த மூலைதான் அதில் முக்கால்வாசி. சாஷேயைக் குப்பையில் போடும்போது பிரிக்கிறவர்கள்கூட அந்தக் கிழித்த மூலையை மறந்துவிடுகிறோம். கண்ணாடிச் சில்லு இரண்டு. அப்புறம், நான் எதிர்பார்க்காத ஒன்று: ஜிகினா. தாம்பாளத்தை வெயிலில் சாய்த்தபோது உரம் முழுக்க மினுக் மினுக்கென்று மின்னியது. இவள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, கத்தரிக்காய்க்குக் கல்யாணமா?" என்றாள். கோயில் மாலையும் கல்யாண மாலையும்தான். முன்பெல்லாம் வாழைநாரில் கட்டுவார்கள், அப்படியே மக்கிவிடும். இப்போது நைலான் நூல், நடுவில் பிளாஸ்டிக் பட்டை, மேலே ஜிகினாத் தூள். பூ மக்கிவிடுகிறது, மினுக்கு மட்டும் நிற்கிறது. இது எந்தச் சல்லடையிலும் நிற்காது. என் 46 பைகளிலும் இப்போது இருக்கிறது. மாலை கட்டுகிறவர்களோடு நகராட்சி ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் இதற்கு வழி பிறக்கும். பலகைக்குச் செலவழித்த காசில் எத்தனையோ கண்டு வாழைநார் வாங்கியிருக்கலாம்.

இன்னொரு இலவச இணைப்பும் உண்டு. மூட்டையைப் போட்ட பைகளில் எல்லாம் கேட்காமலே தக்காளி முளைக்கும். பப்பாளி முளைக்கும். போன ஆடியில் மிளகாய்ப் பை ஒன்றிலிருந்து பரங்கிக்கொடி கிளம்பித் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி மூன்று காய் வைத்தது. பெரியது நாலு கிலோ. யார் வீட்டுக் கூட்டுக்கு அரிந்த பரங்கியின் விதையோ. விதை இன்னும் முளைக்கிறது என்றால் குவியல் போதுமான அளவு சூடாகவில்லை என்றுதான் புத்தகப்படி அர்த்தம். குறை என்றுதான் எழுத வேண்டும். ஆனால் கூட்டு நன்றாக இருந்தது.

சூடு என்றதும் உரக்கிடங்கில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். தகரக் கொட்டகை, இரண்டு பக்கமும் ஓட்டை வைத்துக் கட்டிய தொட்டிகள் பதினான்கு. காலையில் பேட்டரி வண்டிகள் வந்து கொட்டியதும் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து மறுபடியும் பிரிக்கிறார்கள். வீட்டில் பிரித்துக் கொடுத்திருந்தால் இந்த வேலையே வேண்டாம். மக்கும் குப்பை, மக்காத குப்பை, பேட்டரி, பல்பு, ஊசி மாதிரியான வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என 2016ஆம் வருடத் திடக்கழிவு விதியிலேயே இருந்தது. எங்கள் தெருவில் 31 வீடு. பிரித்துக் கொடுப்பது எத்தனை என்று ஒரு வாரம் வாசலில் நின்று எண்ணினேன். பதினொன்று. பிரித்த குப்பையை மிஷினில் போட்டு நறுக்கி, தொட்டியில் அடுக்கி, சாணக் கரைசல் தெளிக்கிறார்கள். வாரம் ஒருமுறை கிளறல். நாற்பத்தைந்து நாள் கழித்து எடுத்துக் காயவைத்துச் சலிப்பு.

அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் ஒருவர் இருக்கிறார். கையில் இரண்டடி நீள இரும்புக் கம்பி. ஒவ்வொரு தொட்டியிலும் குத்திவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் புறங்கையில் வைத்துப் பார்ப்பார்.

"கம்பி சுட்டா வேலை நடக்குதுன்னு அர்த்தம் சார். ஆறிப்போச்சுன்னா கிளறணும். நாறுச்சுன்னா நேத்தே கிளறியிருக்கணும்."

நான் விடுவேனா, அடுத்த முறை பையில் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் கம்பியை எடுத்துவிட்டு "இது நல்லா ஓடுது" என்ற தொட்டியில் 61 டிகிரி. "இது தூங்குது" என்ற தொட்டியில் 38. மூன்றாவது தொட்டிக்கு நான் தெர்மாமீட்டரை வெளியே எடுக்கவே இல்லை.

நாறினால் என்று அவர் சொன்னதைத்தான் ஐப்பசியில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஆறாவது மூட்டை. மழை அடித்துக்கொண்டிருந்த வாரம். தூக்கும்போதே கனம். எடை 26.8 கிலோ. கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவிழ்த்ததும் புளித்த மாவும் அழுகின முட்டையும் கலந்த ஒரு வாடை. சரி, ஆறவைத்தால் போய்விடும் என்று இரண்டு நாள் வைத்துவிட்டு, எந்தச் சோதனையும் செய்யாமல் பன்னிரண்டு கத்தரிப் பைகளுக்குப் போட்டேன். எட்டாம் நாள் இலை ஓரமெல்லாம் கருகி, அடியிலை மஞ்சளாகிவிட்டது. ஏழு செடி போய்விட்டது. 29 வருடம் ஆய்வகத்தில் மாணவர்களிடம் முதலில் சோதனை, அப்புறம் முடிவு என்று சொன்னவன் செய்த காரியம்.

பிறகு உட்கார்ந்து பார்த்தேன். நூறு கிராம் எடுத்து உலர்த்தினால் 61 கிராம்தான் மிச்சம். 39 சதவீதம் ஈரம். மூட்டையில் பத்து கிலோவுக்கு மேல் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறேன். உப்பு பார்க்கும் பேனா மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு பங்கு உரத்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து பார்த்தால் 4.6 காட்டியது. ஆணைப்படி 4க்குள் இருக்க வேண்டும். சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றின் உப்பும் அதில்தானே இருக்கிறது. முள்ளங்கி விதை பத்து போட்டுப் பார்த்ததில் முளைத்தது மூன்று. என் செம்மண்ணில் போட்ட பத்தில் ஒன்பது முளைத்தது.

மீத்தேனுக்கு வாசனை கிடையாது. அது காற்றில் கலந்து போனது யாருக்கும் தெரியாது. ஆனால் காற்றில்லாமல் அழுகும்போது அதோடு கூட வருகிற கந்தக வாயுவும் புளிப்பு அமிலங்களும் மூட்டைக்குள் தங்கி நின்று காட்டிக்கொடுத்துவிடும். ஆக, அந்த ஐப்பசி மூட்டை நாறியது என்றால் அந்தத் தொட்டி பல நாளாக ஒரு சின்னக் குப்பைக் கிடங்காகத்தான் இருந்திருக்கிறது. கரடிப் பலகையில் எழுதியது நடந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க மூக்கு ஒன்று போதும்.

ஏன் அப்படி ஆனது என்று போய்க் கேட்டேன். அலுவலகத்தில், "மழைக்காலம் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். கொட்டகைக்குப் போனேன். தகரத்தில் நாலு இடத்தில் ஒழுக்கு. பாதித் தொட்டிகளில் தண்ணீர் நின்றிருக்கிறது. அதோடு கிளறுகிற ஆட்களை மூன்று வாரம் வடிகால் அடைப்பு எடுக்க அனுப்பிவிட்டார்கள். ஊருக்குள் தண்ணீர் நிற்கும்போது அதுதான் முதல் வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மழை அதிகமாக அடிப்பதைச் சமாளிக்கப் போன ஆட்களால், அந்த மழையைக் குறைக்கச் செய்கிற வேலை நின்றுபோவது என்ன கணக்கோ. நாலு தகரமும் மழைக்காலத்துக்கு இரண்டு தற்காலிக ஆட்களும்தான் கேள்வி. மூட்டையை மாற்றித் தரக் கேட்டேன். அதற்கு விதி இல்லையாம். அந்த அம்மாள்தான் நல்ல தொட்டியிலிருந்து இரண்டு கூடை அள்ளிப் போட்டார். அவருக்குப் பரங்கிக்காய் ஒன்று கொடுத்தேன், கணக்கு நேராகிவிட்டது.

தொட்டி ஒழுகாமல், காற்றோட்டமாக இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அண்டை மாநிலத்தில் ஆலப்புழா இருக்கிறது. அங்கே பெரிய கிடங்கை நம்பாமல் வார்டுக்கு வார்டு சின்னச் சின்னக் காற்றுத்தொட்டிகள் வைத்தார்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழிப் பண்ணையில் உருவான முறை. சாணம் ஒரு அடுக்கு, காய்ந்த சருகு ஒரு அடுக்கு, குப்பை ஒரு அடுக்கு. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு உலகத்தில் எடுத்துக்காட்டாகச் சொன்ன ஐந்து ஊர்களில் அதுவும் ஒன்று. நம்மை விட அங்கே மழை அதிகம் என்பதையும் அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். காபி கொடுத்தார்கள்.

வீட்டில் சோதிக்க முடியாத ஒன்று உண்டு: ஈயம், காட்மியம் மாதிரியான உலோகங்கள். பேட்டரியும் உடைந்த ட்யூப்லைட்டும் மக்கும் குப்பையோடு வந்தால் அவை உரத்தில் ஏறும். ஆணைப்படி ஒரு கிலோ உரத்தில் ஈயம் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, காட்மியம் 5. பரிசோதனை அறிக்கை கேட்டால் மறுக்காமல் காட்டுகிறார்கள், எண்களும் வரம்புக்குள்தான் இருந்தன. ஆனால் ஜெராக்ஸில் இருந்த தேதி இரண்டு வருடப் பழையது. மாசத்துக்கு மாசம் குப்பை மாறும்போது இரண்டு வருடத்துக்கு முந்தைய அறிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் நான் இந்த உரத்தைக் கீரைக்கும் முள்ளங்கிக்கும் போடுவதில்லை. கத்தரி, வெண்டை, மிளகாய், பூச்செடிக்குப் போடுகிறேன். இது என் பயம், எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்றில்லை.

ஒன்பது மூட்டையில் ஆறு நன்று, இரண்டு சுமார், ஒன்று நாற்றம். இதையே ஒரு கம்பெனி விற்றிருந்தால் மூன்று நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இந்த விலைக்கும், அந்தக் கம்பிக்கும் சேர்த்து மூன்றரை.

வாங்கப்போகிறவர்களுக்குச் சில விஷயம். நல்ல சாக்கை நீங்களே கொண்டுபோங்கள், அவர்கள் சாக்கின் அடி பாதி வழியில் விட்டுவிடும். அங்கேயே அவிழ்த்து ஒரு பிடி எடுத்து முகருங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் கை நிறைய எடுத்து நனைத்து, ஒரு கவரில் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண் வாசனை வந்தால் போடலாம். நாறினால் நிழலில் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறி, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். உப்பு அதிகம் என்று தோன்றினால் அடியில் ஓட்டை போட்ட டப்பில் கொட்டி இரண்டு முறை தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். பாதிக்குப் பாதி கலக்காதீர்கள். செம்மண் இரண்டு, தென்னைநார்க் கழிவு ஒன்று, உரம் ஒன்று, கூடவே ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி இருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு வரும் மூட்டையில் கரும்புச் சக்கை பாதி மக்காமல் கிடக்கும், மாசி முழுக்க அதே கதைதான். அவசரமில்லாதவர்கள் காத்திருங்கள். முகூர்த்த வாழையிலை போன தொட்டி ஆனி நடுவில் திறப்பார்களாம். இரண்டு மூட்டைக்குப் பணம் கட்டி ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். தகரம் மாற்றினார்களா என்று அப்போது பார்க்க வேண்டும்.